சூடு ஆறாத ஸ்டூல்

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஆதிலட்சுமி வாய்க்காரி என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வாய் இல்லாமல் ஒரு பொம்பளை இங்கே யூனிட் நடத்த முடியாது. மண் லாரிக்காரனிடம் கத்த வேண்டும், கேஸ்காரனிடம் கத்த வேண்டும், கரண்ட் ஆபீசில் போய்க் கத்த வேண்டும். என் வீட்டுக்காரர் தமிழ்ச்செல்வனுக்கும் சேர்த்து நானே கத்திவிடுவேன். அவர் மோல்டு, மண், சூளை என்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாங்கள் செய்வது தோட்டத்து ஸ்டூல். நடுவில் பருத்து, மேலும் கீழும் ஒடுங்கி, மத்தளத்தை நிமிர்த்தி வைத்தது மாதிரி இருக்கும். புதுச்சேரிப் பக்கம் ரிசார்ட்டுகளில் வாங்கிப் போடுகிறார்கள். சூளையில் வேகும்போது அடிவட்டம் ஒரு நூல் கோணினாலும் ஸ்டூல் ஆடும். கண்ணுக்குத் தெரியாது, உட்கார்ந்தால்தான் தெரியும். அதனால் சூளையிலிருந்து இறக்கிய ஒவ்வொரு ஸ்டூலிலும் என் வீட்டுக்காரர் ஒருதரம் உட்கார்ந்து, இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேக்கிங்குக்கு அனுப்புவார். ஆட்டம் பார்ப்பது என்று எஸ்டேட்டில் இதற்குப் பெயர். கையில் டீ டம்ளரும் இருக்கும். "நோகாத உத்தியோகம்" என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

பைரோஸ் கொண்டுவந்த ஆர்டரில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பைரோஸ் மங்கலம்பேட்டைப் பையன். அவன் வயசுப் பிள்ளைகள் எல்லாம் துபாய், குவைத் என்று போக, இவன் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் மேற்கு ஆப்பிரிக்காவில் கெரேபா என்ற ஊரில் ஜவுளிக்கடை போட்டான். லீவில் வரும்போதெல்லாம் எங்கள் யூனிட்டுக்கு வந்து, என்னை அக்கா என்றும் அவரை அண்ணே என்றும் கூப்பிட்டு, உரிமையோடு உட்கார்ந்து டீ குடிப்பான். மாசி மாதம் வந்தபோது போனில் ஒரு படத்தைக் காட்டினான்.

"ஒரே ஒரு ஸ்டூலு வேணும்க்கா. எங்க ஊரு ராசா உக்கார்றது."

"ராசாவுக்குத் தங்கத்துல செய்யாம பீங்கான்ல எதுக்குடா? அவ்ளோ பஞ்சத்துல இருக்காரா?"

அவன் சிரிக்கவில்லை. கெரேபாவில் மூன்று சனங்கள் இருக்கிறார்களாம். ஆற்றில் மீன் பிடிக்கிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள், வியாபாரத்துக்கு வந்து தங்கிவிட்டவர்கள். மூன்று பேருக்கும் மூன்று பாஷை. ராஜா மட்டும் ஒருவர். இந்த முறை இந்தச் சனத்தில், அடுத்த முறை அடுத்த சனத்தில் என்று முறை வைத்து வருவார். ஒரு ராஜா செத்தால் அவர் ஆசனத்தை உடைத்து அவரோடு புதைத்துவிடுவார்கள். புது ராஜாவுக்குப் புது ஆசனம். அதை அந்த மூன்று சனத்தில் எவர் செய்தாலும், மண்ணில் என்னத்தைக் கலந்தாரோ என்று மற்ற இரண்டு சனமும் சந்தேகப்படும். ஆகவே, யார் முறை என்றே தெரியாத வெளியூர்க் கை செய்ய வேண்டும்.

"போன தடவ சைனாலேர்ந்து வந்துச்சாம். இந்தத் தடவ நம்ம விருத்தாசலம் பேரச் சொன்னேன். ராசா போயி மாசக்கணக்கா ஆச்சுக்கா. ஆசனம் வர்ற வரைக்கும் சந்தை கிடையாது, கல்யாணம் கிடையாது. மூணு சனமும் ஒருத்தர ஒருத்தர் மொறச்சுக்கிட்டு நிக்கிது. கத்தி எப்ப வெளிய வரும்னு தெரியல."

அவன் அவ்வளவும் சொன்னான், ஒன்றைத் தவிர. ராஜா உட்காருவதற்கு முன் அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லவில்லை. ராஜாவின் ஆசனத்தில் எவனாவது போய் உட்காருவானா என்று அவன் நினைத்திருக்கிறான். செய்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்காமல் எவனாவது அனுப்புவானா என்று நாங்கள். இதில் யார் பேரில் குற்றம் சொல்வது?

சித்திரைக் கடைசியில் சூளை பிரித்தோம். மற்ற ஸ்டூல்களோடு அதுவும் இருந்தது. மீன் ஒரு வரிசை, மாட்டுக் கொம்பு ஒரு வரிசை, வியாபாரிகளின் காசு முடிச்சு ஒரு வரிசை என்று என் வீட்டுக்காரர் சுற்றிலும் போட்டு, கரும்பச்சையில் கிளேஸ் பூச்சு கொடுத்திருந்தார். கீறல் இல்லை, கோணல் இல்லை. அவர் வழக்கம்போல டீயோடு அதில் உட்கார்ந்தார். டீ தீர்ந்தும் எழுந்திருக்கவில்லை.

"ஆடவே இல்ல ஆதி. நான் உக்காந்ததுலயே இதான் நல்ல ஸ்டூலு" என்றார்.

மறுநாள் வைக்கோல் சுற்றுவதற்காக அதைத் தூக்கினேன். மேல்தட்டு வெதுவெதுவென்று இருந்தது. மற்ற ஸ்டூல் எல்லாம் ஜில்லென்று கிடந்தன. வெயில் பட்டிருக்கும் என்று உள்ளே நிழலில் கொண்டுபோய் வைத்தேன். அடுத்த நாளும் அதே சூடு. சூளைச் சூடு எனக்குத் தெரியும், வெயில் சூடும் தெரியும். இது இரண்டும் இல்லை. பஸ்ஸில் யாரோ இப்போதுதான் எழுந்து இறங்கிப்போன சீட்டில் உட்கார்ந்தால் ஒரு சூடு தட்டுமே, அது. எனக்கு அருவருப்பாக இருந்தது. மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினேன். சாக்கும் சூடானது.

அவரிடம் சொன்னபோது, "அப்பிடியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, போய்ச் சாக்கை எடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நாட்கள். தகர ஷீட்டுக்கு அடியில் எங்களுக்கெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது. அவர் பீரோவில் இருந்த சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார். என்ன கூத்து இது என்று சிரித்தபடி டம்ளரை நீட்டினேன். வாங்கும்போது அவர் விரல் பட்டது. ஐஸ் பெட்டியில் கிடந்த சோடா பாட்டிலைத் தொட்டாற்போல இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னார்கள். முருங்கைக்கீரையாகவே ஆக்கிப் போட்டேன். தட்டைத் தொடவில்லை. நான் அடுப்படிக்குப் போனபிறகு பார்த்தால் தட்டு காலியாக இருக்கும். யார் கண்ணெதிரிலும் அவர் சாப்பிடுவதில்லை என்பதை நான் கவனிக்கவே கொஞ்ச நாள் பிடித்தது.

அப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் எஸ்டேட்டே பார்த்தது. முதலில் பக்கத்து யூனிட் தங்கராசுவும் எதிர் யூனிட்காரரும் வந்தார்கள். சாக்கடைத் தகராறில் கோர்ட்டு வரை போய், முகத்தில் முழிக்காத இரண்டு பேர். இருவரும் சேர்ந்து வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்கள். அவர் ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்கள். பிறகு நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போகிறது என்று கம்மாபுரத்திலிருந்து நாலைந்து பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். மங்கலம்பேட்டைக் கடைக்காரர்கள் வந்தார்கள். மண் அரைக்கும் மெஷினில் நிற்கிற ஒடிசாக்காரர் தன் ஊர் ஆட்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களுக்குத் தமிழ் அரைகுறை, இவருக்கு அவர்கள் பாஷையே தெரியாது. ஆனாலும் பேசி முடித்துப் போனார்கள்.

"பேசாம எலெக்‌ஷன்ல நில்லுங்க, நானே ஓட்டு கேட்டு வரேன்" என்று கிண்டல் பண்ணினேன். யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன், போகிறவர்கள் திரும்பி நடக்கவில்லை. அவரைப் பார்த்தபடியே, முதுகைக் காட்டாமல், பின்காலாக நடந்து கேட்டைத் தாண்டிப் போனார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் யூனிட்டில் ஒரு செவலை நாய் உண்டு. அவர் காலடியில்தான் படுத்துக் கிடக்கும். அதுவும் அன்றைக்கு எழுந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு, அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து ரோட்டுக்குப் போனது. மனுஷர்கள் நடிப்பார்கள். நாய் நடிக்குமா?

"அந்த ஸ்டூல்லேர்ந்து எழுந்திரிங்க! இன்னா எழவு இது!" என்று கத்தினேன்.

எழுந்தார். எழுந்ததுமே பல் கிட்டித்து, உடம்பு வெடவெடவென்று ஆடியது. நானே பிடித்து மறுபடி உட்காரவைத்தேன். உட்கார்ந்ததும் நடுக்கம் நின்றது. கையைப் பிடித்துப் பார்த்தேன். விரலில் இருந்த குளிர் மணிக்கட்டைத் தாண்டிவிட்டது. ஸ்டூலோ முன்னைவிடச் சூடாக இருந்தது. அவர் சூட்டைத்தான் அது குடித்துக்கொண்டிருக்கிறது என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. என் புருஷன் என் கண்ணெதிரிலேயே ஆறிப்போய்க்கொண்டிருந்தார். ஒரு உருட்டுக்கட்டையை எடுத்து அதை உடைத்துப் போட்டிருப்பேன். என்னவோ கை வரவில்லை. பைரோசுக்குப் போன் போட்டு, இருக்கிற கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லி, உடனே வா என்றேன்.

அவன் தனியாக வரவில்லை. ஆசனத்தை வாங்கிப் போக வேண்டிய அந்த ஊர் அம்மாவையும் அழைத்துக்கொண்டு, சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினான். ஹவா என்று பெயர். ஐம்பது வயசிருக்கும். தலையில் பூப்போட்ட துணிக்கட்டு, காலில் பசங்க போடுகிற ஷூ. ராஜா மாறும்போது ஆசனத்துக்குக் காவல் அந்த அம்மாதானாம். மீன் பிடிக்கிற சனத்தில் பிறந்து வியாபாரிச் சனத்தில் வாழ்க்கைப்பட்டவர். அந்த அம்மா இங்கிலீஷில் பேச, பைரோஸ் தமிழில் சொன்னான்.

என் வீட்டுக்காரர் நடுங்கிக்கொண்டே மோல்டு அறைக்குப் போயிருந்தார். ஆசனம் காலியாக இருந்தது. ஹவா அதன் எதிரில் மண்டி போட்டு, பச்சைப்பிள்ளையைத் தொடுவதுபோல மேல்தட்டில் உள்ளங்கையை வைத்தார். உடனே கையை இழுத்துக்கொண்டார்.

"சூடாக இருக்கிறதே. யார்?"

சால்வையோடு அவர் அறை வாசலில் வந்து நின்று, "நான்தான். ஆட்டம் பாக்க உக்காந்தேன்" என்றார்.

ஹவா அவரைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. துக்கமா கோபமா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அப்படியே தரையில் நெற்றி படக் குனிந்து கும்பிட்டார். என் வீட்டுக்காரர் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டார். கூச்சப்படவில்லை, பதறவில்லை, "எழுந்திரிங்கம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. சாதாரணமாகப் போய் ஆசனத்தில் உட்கார்ந்தார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஹவா எழுந்து என்னிடம் பேசினார். தீயிலிருந்து வந்த ஆசனத்தில் முதலில் உட்காருகிறவர்தான் ராஜா; பிறர் கண்ணெதிரில் அவர் சாப்பிடாததும், வருகிறவர்கள் முதுகு காட்டாததும் அதனால்தான். அதை மாற்ற மூன்று சனத்தாலும் முடியாது. உடைத்தால் அவர் உயிர் போய்விடும். ராஜா செத்தால்தானே ஆசனத்தை உடைப்பது. வேறு ஆசனம் செய்யலாமென்றால் இது இருக்கும்வரை இன்னொன்றில் யாரும் உட்கார முடியாது. அங்கே மாடு மேய்க்கிற சனத்தின் முறை. அவர்கள் பிள்ளை ஒருவன், பள்ளிக்கூட வாத்தியார், தலையை மழித்துக்கொண்டு காத்திருக்கிறான்.

"அப்படியே விட்டா?" என்றேன்.

"எங்கள் ராஜாவுக்குச் சூடு குறைந்தால் மூன்று சனமும் வந்து கையைப் பிடிப்பார்கள். இவருக்கு இங்கே அந்தச் சனம் இல்லை. ஆடி மாதம்வரைகூடத் தாங்க மாட்டார்."

ஆடி என்று பைரோஸ்தான் மாற்றிச் சொன்னான். அந்த அம்மா வேறு ஏதோ மாசம் சொன்னார். எதுவானால் என்ன.

ஒரே ஒரு வழி இருக்கிறதாம். ராஜாவை உயிரோடு இறக்குவதற்கான வழி. அவரை நன்றாகத் தெரிந்த மூன்று பேர், எந்த ஊர்ச் சனமானாலும் சரி, வேறு வேறு சனத்துக்கு ஒருவராக, அவர் முகத்துக்கு நேரே நின்று, இந்த ஆளை எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். மூன்றாவது வாய், வீட்டுக்குள்ளிருக்கிற வாயாக இருக்க வேண்டும்.

"அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டேன். வார்த்தைதானே, சொன்னால் போச்சு என்று நினைத்தேன்.

ஒடிசாக்காரரைக் கூப்பிட்டோம். எங்களிடம் வேலைக்கு வந்து வருஷக்கணக்காகிறது. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, அவர் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊர்வரைக்கும் போய்வந்தவர் என் வீட்டுக்காரர். தயங்கித் தயங்கி, தனக்குத் தெரிந்த தமிழில், "இந்த ஆளு எனக்குத் தெரியாது" என்றார். சொல்லிவிட்டு ஒருதரம் இமை கொட்டினார். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் யாரையோ பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டார்.

அடுத்தது பைரோஸ். "சும்மா வாய் வார்த்தைதான்ணே, மனசுல வெச்சுக்காதீங்க" என்று அவரிடம் கண் கலங்கச் சொன்னான். அப்புறம் நேரே நின்று சொன்னான். சொன்னவன் என்னிடம் திரும்பினான்.

"அக்கா, சால்வ போத்திக்கினு உக்காந்திருக்காரே, யாரு? ஒடம்பு சரியில்லாதவரா? செல்வண்ணன் எங்க, வெளிய போயிருக்காரா?"

விளையாடுகிறான் என்று நினைத்து அவன் கன்னத்தில் அறையக் கை ஓங்கினேன். முகத்தைப் பார்த்ததும் கை தானாக இறங்கியது. அவன் விளையாடவில்லை. ஹவாவைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்தது நான்.

அவர் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தேன். முழங்கை வரைக்கும் குளிர் ஏறியிருந்தது. இந்தக் கை மோல்டில் ஊற்றும்போது மண் கரைசல் ஒரு சொட்டு சிந்தாது. இந்தக் கையை எனக்குப் பிடிக்கும். கல்யாணம் ஆகி இவ்வளவு காலத்தில் அதை அவரிடம் ஒருதரம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். வாய்விட்டு அழுதேன்.

"உக்காந்தா குளுரு தெரியல ஆதி. இப்பிடியே இருந்துடறேனே" என்றார். அது ராஜா பேசினது. அடுத்த நிமிஷம் கண் மாறியது. என் விரலை இறுக்கிப் பிடித்தார். சிதம்பரத்தில் படிக்கிற எங்கள் மகளைப் பற்றிப் பேசினார். "கனிஷ்கா இங்க இல்லாததும் நல்லதாப் போச்சு. அவளச் சொல்ல வெச்சுடாத. அவளாவது என்னத் தெரிஞ்சவளா இருக்கட்டும். நீ சொல்லிடு."

சொல்லாவிட்டால் அவர் இல்லை. சொன்னால் எனக்கு இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கேயாவது இருக்கட்டும், உயிரோடு இருக்கட்டும். கடைசியாக ஒருமுறை அந்த முகத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். எழுந்து நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இந்த ஆள எனக்குத் தெரியாது" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். ஸ்டூலில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டுச் சால்வையைப் போர்த்தியிருந்தார்.

அந்த ஆள் எழுந்ததும் ஹவா மேல்தட்டைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். ஆசனம் ஆறிவிட்டது. வைக்கோல் சுற்றி, பெட்டியில் வைத்து ஆணி அடித்து, அன்றைக்கே எடுத்துப் போனார்கள். வாத்தியார் அதில் உட்கார்ந்துவிட்டாராம். சந்தை திறந்து, நின்றுபோன கல்யாணங்கள் எல்லாம் நடக்கின்றன என்று பைரோஸ் படம் அனுப்பினான். மூன்று சனமும் ஒன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக இருக்கட்டும்.

அந்த ஆள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். கனிஷ்கா வந்து, "அம்மா, உனக்கு இன்னா ஆச்சு? அப்பாம்மா இது!" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். எனக்குத் தெரியும். நடந்ததில் ஒன்றையும் நான் மறக்கவில்லை. கல்யாண போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன். அதில் இருப்பவரைத் தெரிகிறது. எதிரில் இருப்பவரைப் பார்க்கிறேன். மூக்கு அதே மூக்கு, காதோரத்து மச்சம் அதே மச்சம். எல்லாம் சேர்ந்து அவராக ஆக மாட்டேன் என்கிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், அவர்தான் வந்துவிட்டார் என்று இன்னமும் எட்டிப் பார்க்கிறேன். இந்த ஆள்தான் நிற்கிறார்.

முன்ரூமில் படுத்துக்கொள்கிறார். யூனிட்டுக்கு வந்து மோல்டு ஊற்றுகிறார். நல்ல மனுஷர். இன்று காலை டீ கொடுக்கும்போது அவர் விரல் என் மேல் பட்டது. நல்ல சூடு. பிழைத்துவிட்டார் என்று ஒரு கணம் வயிறு குளிர்ந்தது. அடுத்த கணம், அந்நிய ஆம்பளை கை பட்டுவிட்டதே என்று என் கை படக்கென்று பின்னால் போய், டீ அவர் காலில் கொட்டிவிட்டது.

அவர் குனிந்து துடைத்துக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "பரவால்லைங்க" என்றார்.